கௌபாய் ஹோல்ஸ்டரும் பெல்ட்டும் நம்மூர்லயே தைக்கிறது எப்படி (ராம்நாடு உப்புக்காத்துக்கு தாங்குற மாதிரி)

நம்ம பக்கம் ஷார்ட் ஃபிலிம் எடுக்கிற பசங்க, காலேஜ் நாடகம் போடுறவங்க கௌபாய் கெட்டப் வேணும்னா உடனே ஆன்லைன்ல ஒரு ரெக்சின் ஹோல்ஸ்டர (துப்பாக்கி உறை) வாங்கி தொடையில இறக்கி கட்டிக்கிறாங்க. வாங்குற காசும் வேஸ்ட், பாக்கவும் ஒட்டாது. அந்த தொடையில தொங்குற ஸ்டைல் முழுக்க சினிமாவுக்காக வந்தது, 1950கள்ல ஹாலிவுட்ல நடிகருங்க சட்டுனு உருவி சுடணும்னு உள்ள இரும்புத் தகடு வச்சு அப்படி தச்சாங்க. 1870, 80கள்ல மாடு ஓட்டிட்டு போன ஆளுங்க கிட்ட அது வழக்கமே இல்ல. அவங்க கட்டினது இடுப்புக்கு மேல, பேன்ட் நிக்கிற இடத்துல, துப்பாக்கியோட கைப்பிடி மட்டும் வெளிய தெரியிற அளவுக்கு ஆழமான உறை.

ஏன்னு கேட்டா ஒரே பதில்தான், குதிரை. நாள் முழுக்க குதிரை மேல உக்காந்து மாடு பின்னாடி ஓடுறவனுக்கு துப்பாக்கிய வேகமா எடுக்கிறது பெரிய விஷயமே இல்ல, அது எங்கயும் விழுந்துராம இருக்கிறதுதான் விஷயம். பத்து மைல் ஓடினப்புறம் இடுப்ப தடவிப் பாத்து துப்பாக்கி காணோம்னா திரும்பிப் போயி புல்லுக்குள்ள தேட முடியுமா. இத மனசுல வச்சுக்கிட்டு தச்சீங்கன்னா மிச்சம் எல்லாம் தானா சரியா வரும், அளவு, தோலு, தையல், பெல்ட்டு எல்லாமே இந்த ஒரு காரணத்துல இருந்து வந்ததுதான்.

கொஞ்சம் வரலாறு சொல்லிடுறேன், ஏன்னா கதை எந்த வருஷம்னு தெரியாம உறை தைக்கக் கூடாது. 1847ல வந்த கோல்ட் (Colt) கம்பெனியோட வாக்கர் ரிவால்வர் ரெண்டு கிலோ வெயிட்டு, அத இடுப்புல கட்டினா பேன்ட் நிக்காது, அதனால சேணத்துக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் தொங்குற ஜோடி உறையில வச்சாங்க, அதாவது துப்பாக்கிய சுமந்ததே குதிரைதான். அப்புறம் 1851 நேவி மாடல் வந்துச்சு, கிட்டத்தட்ட 1.2 கிலோ, இது இடுப்புக்கு வந்துருச்சு. கலிஃபோர்னியால தங்கம் தோண்டப் போன காலத்துல துப்பாக்கி வடிவத்துக்கே ஒட்டின மாதிரி ஒல்லியா ஒரு உறை தச்சாங்க, இதைத்தான் கலிஃபோர்னியா பேட்டர்ன்னு சொல்லுவாங்க. பட்டாளத்துக்காரங்களுது தனி, மேல மூடி வச்ச உறை, வலது பக்கம் இருக்கும் ஆனா கைப்பிடி முன்னாடி பாத்து நிக்கும், ஏன்னா வலது கை வாளுக்கு. 1873ல கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி வந்து தோட்டா பித்தளைக் குப்பியோட வர ஆரம்பிச்சதும் அத சொருகி வைக்க பெல்ட்டு அகலமாச்சு, அந்த அகல பெல்ட்டுக்குன்னே புழக்கத்துக்கு வந்ததுதான் மெக்சிகன் லூப் ஹோல்ஸ்டர். வயோமிங்ல செயென்னுங்கிற ஊர்ல மியானியாங்கிற சேணக்காரர் பட்டறை இந்த மாதிரி வேலைக்கு ரொம்ப பேர் போனது. நாம தைக்கப் போறது இந்த மெக்சிகன் லூப். ஒரே துண்டு தோலு, ஒரே ஒரு நீளத் தையல், பக்கிள் கிடையாது, ரிவெட் கிடையாது. முதல் தடவை தைக்கிறவங்களுக்கு இத விட நல்லது இல்ல.

முதல்ல துப்பாக்கி. மரத்துல செஞ்ச டம்மி மட்டும்தான். நிஜ துப்பாக்கி மாதிரியே இருக்கிற மெட்டல் ரெப்ளிகா, காலி தோட்டாக் குப்பி இதெல்லாம் தேடி வாங்காதீங்க, ஆயுதச் சட்டம் 1959 விளையாட்டு இல்ல, அதுவும் நம்ம கரையில மண்டபத்துல இருந்து தொண்டி வரைக்கும் மரைன் போலீஸ் செக்கிங் எப்பவும் உண்டு, பைக்ல இடுப்புல டம்மிய கட்டிட்டு போனாலே வம்பு. ஷூட்டிங் ஸ்பாட் வரைக்கும் ஒரு பையில போட்டு மூடி கொண்டு போங்க, லோக்கல் ஸ்டேஷன்ல முன்கூட்டியே எழுதிக் கொடுத்துருங்க. டம்மிக்கு பூவரசங்கட்டை அருமையா இருக்கும், இழைப்பு நல்லா வரும், சீக்கிரம் வெடிக்காது, கடலோரத்துல எங்க பாத்தாலும் கிடைக்கும். அஞ்சரை இஞ்ச் பேரல் (குழாய்) மாடல்னா மொத்த நீளம் சுமாரா 28 செ.மீ., நடுவுல இருக்கிற சிலிண்டர் குறுக்களவு 4.2 செ.மீ. இந்த ரெண்டு அளவும் சரியா இருந்தா போதும், மத்ததெல்லாம் உறைக்குள்ள மறைஞ்சுரும்.

அடுத்து தோலு, இங்கதான் நெறைய பேர் ஏமாந்துடுறாங்க. கடையில பர்ஸுக்கும் ஷூவுக்கும் விக்கிற மெத்துன்னு இருக்கிற தோலு குரோம்ல பதனிட்டது, அத எவ்வளவு நனைச்சு அமுக்குனாலும் வடிவத்துல நிக்காது, தொங்கிரும். நமக்கு வேண்டியது மரப்பட்டையில பதனிட்ட தோலு, கடையில வெஜ் டேன்னு கேளுங்க. அமெரிக்காவுல ஓக் மரப்பட்டையில பதனிட்டாங்க, நம்ம தமிழ்நாட்டுல ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வச்சு காலங்காலமா பதனிடுறாங்க, ஈஸ்ட் இந்தியா தோலுன்னு கப்பல் ஏறி லண்டன் வரைக்கும் போன சரக்கு அதுதான். வேலை நடக்குற விதம் ரெண்டுலயும் ஒன்னுதான், பட்டையில இருக்கிற துவர்ப்பு தோலோட நாருல ஏறி அத கெட்டிப்படுத்துது. அதனால ஆவாரம்பட்டைத் தோலுல தச்சா அது டூப்ளிகேட்னு நினைக்க வேண்டாம், எனக்கு அதுல பெருமைதான். திண்டுக்கல்ல, இல்லன்னா சென்னை பெரியமேட்டுல கேட்டா கிடைக்கும். தடிமன் 3ல இருந்து 3.5 மி.மீ. ஒரு உறைக்கு மூணு சதுர அடி எடுத்துக்கங்க, பெல்ட்டுக்கு தனி. வயித்துப் பக்கத்து தோலு வேணாம், அது இழுபடும், முதுகுப் பக்கமா கேட்டு வாங்குங்க. வாங்குறப்ப ஓரத்தை மடக்கிப் பாருங்க, மேல்பக்கம் பொடிப்பொடியா விரிசல் விட்டா வச்சுட்டு வந்துருங்க.

பேட்டர்ன் வெட்ட சிமெண்ட் சாக்கு பேப்பர் நல்லது, கெட்டியா இருக்கும், மடிச்சாலும் கிழியாது. நடுவுல நேரா ஒரு கோடு. டம்மியோட மேல்முதுகு, அதாவது குறி பாக்குற பக்கம், அந்தக் கோட்டுல ஒட்டி நிக்கட்டும், அப்படியே ஒரு பக்கமா சாய்ச்சு படுக்க வச்சு வெளிக்கோடு வரைங்க. சிலிண்டர் இருக்கிற இடத்துல ரெண்டு செ.மீ. விட்டு, மத்த இடத்துல ஒன்னேகால் செ.மீ. விட்டு வரையணும், துப்பாக்கி தட்டையா இல்லையே, உருண்டை எடுத்துக்கிற இடமும் தையலுக்கு ஓரமும் வேணும்ல. கோட்டுல மடிச்சா மறுபக்கமும் அதே வடிவம். விசைக்காப்பு வளையம் (விரல் வச்சு இழுக்குற விசைய சுத்தி இருக்கிற வளையம்) முழுசா உள்ள போயிரணும், கைப்பிடியும், பின்னாடி கட்டைவிரலால இழுத்து விடுற சுத்தியலும்தான் வெளிய தெரியணும், இதுதான் குதிரைக்காரன் உறைக்கு அடையாளம். வாய்ப்பக்கம் முன்னாடி லேசா வளைச்சு இறக்கினா கைவிரல் போக இடம் இருக்கும். கீழ்நுனிய மூட வேணாம். அமெரிக்காவுலயே சில பேரு மூடித் தச்சிருக்காங்கதான், ஆனா நம்ம கடற்கரை மணல் உள்ள போனா வெளிய வர ஓட்டை வேணும்.

இப்ப அந்த லூப் விஷயம். உறையோட பின்பக்க தோல அங்கேயே வெட்டிராம மேல நீட்டி விடணும், நீட்டின பகுதி உறைய விட அகலமா, ரெண்டு பக்கமும் மூணு மூணு செ.மீ. கூடுதலா. அத பின்னாடி மடிச்சு கீழ தொங்கவிட்டா உறைக்கு பின்னால ஒரு பாவாடை மாதிரி நிக்கும். அந்தப் பாவாடையில குறுக்கால கீறி ரெண்டு பட்டை விடணும், ஒவ்வொன்னும் ரெண்டரை செ.மீ. அகலம், உறைய அந்தப் பட்டைக்குள்ள நுழைச்சு கீழ இழுத்தா டைட்டா பிடிச்சுக்கும். மேல மடிப்புக்கும் முதல் பட்டைக்கும் நடுவுல இருக்கிற சந்துல பெல்ட் போகும். பெல்ட் ஏழரை செ.மீ. அகலம்னா சந்து ஒன்பது விடுங்க. கீறலோட ரெண்டு முனையிலயும் முதல்ல சின்னதா வட்ட ஓட்டை போட்டுட்டு அப்புறம் கீறணும், இல்லாட்டி இழுக்க இழுக்க கீறல் கிழிஞ்சுட்டே போகும். தோலுல கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி அட்டையில ஒன்னு வெட்டி ஸ்டேப்ளர் அடிச்சு டம்மிய உள்ள விட்டுப் பாருங்க, அட்டை விலை அஞ்சு ரூபா, தோலு அப்படி இல்ல.

தையலுக்கு வருவோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற அண்ணன் ஒருத்தர்கிட்ட தோல காட்டி, "அண்ணே, இத மிஷின்ல ஓட்டிரலாமா?"ன்னு கேட்டேன். தோல திருப்பித் திருப்பி பாத்துட்டு, "மிஷின் தையலு ஒரு எடத்துல அந்துச்சுன்னா வரிசையா விட்டுட்டு வரும் தம்பி, ரெட்டை ஊசியில கையால போடுங்க"ன்னாரு. அவரு சொன்னதும் டெக்சாஸ் சேணக்காரன் போட்டதும் ஒரே தையல்தான். ஒரே நூலு, ரெண்டு முனையிலயும் ஊசி. குத்தூசியால ஓட்டை போட்டு இடது ஊசி ஒரு பக்கமிருந்து, வலது ஊசி மறுபக்கமிருந்து அதே ஓட்டையில போகணும், ரெண்டையும் சம பலத்துல இழுக்கணும், இழுக்கும்போது மெழுகு உரசி லேசா கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், தையல் தோலுக்குள்ள பதியும், அப்பதான் சரியா உக்காந்துச்சுன்னு அர்த்தம். ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு நூல் இருக்கிறதால ஒன்னு தேஞ்சாலும் இன்னொன்னு பிடிச்சு நிக்கும். இஞ்சுக்கு ஆறு தையல், அதாவது ஓட்டைக்கு ஓட்டை 4 மி.மீ. கிட்ட. நூல் நீளம் தையல் நீளத்தப் போல அஞ்சு மடங்கு எடுங்க. லினன் நூல்ல தேன்மெழுகு தேச்சுக்கங்க, வலை பின்னுற நைலான் நூல் கையில இருக்கேன்னு அதப் போடாதீங்க, வழுக்கும், மினுங்கும், கேமரால உடனே தெரியும். ஆரம்பத்துலயும் முடிவுலயும் மூணு தையல் திரும்பப் போட்டுருங்க. இன்னொன்னு, தைக்கிற ஓரத்துக்கு நடுவுல ஒரு செ.மீ. அகலத்துக்கு ஒரு தோல் பட்டிய வச்சு மூணு அடுக்கா தைக்கணும், விசைக்காப்பு வளையம் உள்ள போயி வரும்போது நூல அறுக்காம இந்தப் பட்டி காப்பாத்தும்.

தச்சு முடிச்சதும் நனைச்சு வடிவம் எடுக்கிறது, இந்த வேலையிலயே எனக்குப் பிடிச்சது இதுதான். ஆனா தண்ணி முக்கியம். நம்மூர் போர் தண்ணி வேண்டவே வேண்டாம், உப்பு ஏறி காஞ்சதும் வெள்ளை வெள்ளையா பூக்கும், இரும்புச்சத்து இருந்தா தோலோட துவர்ப்போட சேந்து கருப்பா திட்டு விழும். காவிரி கூட்டுக்குடிநீர் இல்லன்னா கேன் தண்ணி, பிளாஸ்டிக் வாளியில, இரும்புச் சட்டியில கூடாது. வெதுவெதுன்னு தண்ணியில முக்கினா குமிழ் வரும், குமிழ் நின்னதும் எடுத்துருங்க. டம்மிய மெல்லிசு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி உள்ள விட்டு கட்டைவிரலால சிலிண்டர சுத்தி, பேரல் ஓரமா அமுக்கி அமுக்கி கொண்டு வாங்க, நகம் படக்கூடாது, பட்ட நகம் பட்டதுதான், கடைசி வரைக்கும் தெரியும். லேசா காய ஆரம்பிச்சதும் வழவழன்னு இருக்கிற மரக்கரண்டி பின்பக்கத்தால தேய்ங்க. நிழல்ல, காத்தோட்டமா ரெண்டு நாளு. சித்திரை வெயில்ல மொட்டை மாடியில போட்டா அப்பளமா வளைஞ்சு வெடிச்சுரும், அவசரப்படாதீங்க.

கலர் வேணும்னா அந்தக் காலத்து கருப்பு ஒன்னு இருக்கு, வீட்லயே செய்யலாம். வினிகர்ல துருப்பிடிச்ச ஆணி, இரும்புத்தூள் போட்டு மூடிய லேசா திறந்த மாதிரி ஒரு வாரம், ரெண்டு வாரம் விட்டு வடிகட்டி தோலுல தடவினா கண்ணு முன்னாடியே கருத்துரும். இது சாயம் மேல ஒட்டுறது இல்ல, பட்டைத் துவர்ப்போட இரும்பு சேந்து தோலே கருப்பாகுறது, நம்ம பெரியவங்க கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேத்து மை காய்ச்சினாங்களே, அதே வேதியியல். அதனால கையில, சட்டையில ஒட்டாது. தடவினப்புறம் சமையல் சோடா கலந்த தண்ணியால துடைச்சு, நல்ல தண்ணியில இன்னொரு தடவை துடைச்சுருங்க. கலர் வேணாம்னா அப்படியே விடுங்க, வெயில்லயும் எண்ணெயிலயும் தேன் கலருக்கு தானா வரும், எனக்கு அதுதான் இஷ்டம்.

எண்ணெய் கம்மியா. அமெரிக்காவுல மாட்டுக் கால் எலும்ப காய்ச்சி எடுத்த நீட்ஸ்ஃபுட் எண்ணெய் போட்டாங்க. இங்க புங்கெண்ணெய் போதும், துணியில நாலு சொட்டு விட்டு ஒரே ஒரு பூச்சு. எண்ணெய் அதிகமானா உறை தொளதொளன்னு ஆயிரும், துப்பாக்கி பிடிமானம் போயிரும். ஓரத்துக்கு தேன்மெழுகு தேச்சு கெட்டியான துணியால சூடு ஏற ஏற தேய்ச்சா பளபளன்னு அடைச்சுக்கும், கடல் காத்து ஈரம் முதல்ல ஏறுறது ஓரம் வழியாத்தான், அதனால இதுக்கு நேரம் கொடுங்க.

பெல்ட்டு: ஏழரை செ.மீ. அகலம், தோட்டா லூப் தச்சது. சில பெல்ட்டுங்க மெல்லிசு தோல ரெண்டா மடிச்சு உள்ள குழாய் மாதிரி காலியா விட்டு தச்சது, அதுக்குள்ள காசு போட்டு வச்சுக்குவாங்க, மணி பெல்ட்னு பேரு. தோட்டா டம்மிய மரக்குச்சியில கடைஞ்சு பெயிண்ட் அடிங்க. பித்தளைய தோல்ல சொருகி வச்சா பச்சைக் களிம்பு பிடிச்சு ஒட்டிக்கும். அமெரிக்க பட்டாளத்துக்கே இது பெரிய தலைவலியா இருந்துதான் ஆன்சன் மில்ஸ்ங்கிற அதிகாரி உருவாக்கின துணி லூப் பெல்ட்டுக்கு மாறினாங்க. காஞ்ச ஊர்லயே அப்படின்னா பாம்பன் காத்துல கேக்கவே வேணாம். ஆறு குண்டு துப்பாக்கியில விவரமானவங்க அஞ்சுதான் போடுவாங்க, சுத்தியலுக்கு கீழ ஒரு அறை காலி, குதிரை குலுக்குற குலுக்குல சுத்தியல்ல அடி பட்டா வெடிச்சுரும்னு. நடிகர் குண்டு போடுற சீன் இருந்தா இத காட்டுங்க. 1878ல இருந்து கோல்ட்டும் வின்செஸ்டர் 1873 ரைஃபிளும் ஒரே .44-40ங்கிற அளவு தோட்டாவுல கிடைச்சுச்சு, அதனால கேரக்டர் ஒரே பெல்ட்டோட ரெண்டும் வச்சுக்கிறது நியாயம்தான்.

கதை ஊருக்குள்ள நடக்குதுன்னா இன்னொரு விஷயம். கடை வீதியில எல்லாரும் துப்பாக்கியோட திரிஞ்சாங்கங்கிறது சினிமா. அரிசோனாவுல டோம்ப்ஸ்டோன்ங்கிற ஊர்ல 1881 ஏப்ரல்லயே ஊருக்குள்ள ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க, வந்து இறங்கினதும் ஒப்படைக்கணும். அதே வருஷம் அக்டோபர் 26 அந்த ஊர்ல நடந்த ஓ.கே. காரல் துப்பாக்கிச் சண்டையே அந்த சட்டத்த வச்சுத்தான் முத்துச்சு, அன்னைக்கு போலீஸ் பக்கம் நின்னு சுட்ட வயட் எர்ப் துப்பாக்கிய கோட்டுப் பாக்கெட்ல வச்சிருந்ததா அவரே சாட்சி சொல்லியிருக்காரு. ஆக டவுன் சீனுக்கு ஹோல்ஸ்டரே வேணாம், கோட்டு பாக்கெட்டுக்கு உள்ள மெல்லிசு தோல் வச்சு தச்சுக்கங்க.

லொக்கேஷன் நமக்கு பிரச்சனையே இல்ல. சாயல்குடி, கடலாடி பக்கம் போனா கண்ணுக்கு எட்டுற வரைக்கும் சீமைக்கருவேலம், டெக்சாஸ்ல மாடு மேய்ச்சவங்கள பாடா படுத்தின மெஸ்கீட் முள்ளும் இதுக்கு நெருங்கின சொந்தம். அந்த முள்ளுக்குத்தான் அவங்க பேன்ட்டுக்கு மேல தோல் கால்கவசம் போட்டாங்க, சேணத்து மிதிவளையத்துக்கு முன்னாடி தோல் மூடி வச்சாங்க. நம்ம ஆளு குதிரையில கருவேலங்காட்டுக்குள்ள போற சீனுக்கு இது அழகுக்கு இல்ல, நிஜமாவே வேணும், கிழிச்சுரும். குரோம் தோலே போதும் இதுக்கு, மெத்துன்னு இருக்கிறதுதான் நல்லது.

ரைஃபிள் உறை தைக்கிறவங்களுக்கு: நேரான நீள உறை, மேல கீழ ரெண்டு வார், சேணத்துல மிதிவளையத்து வாருக்கு அடியில போகணும். மாடு பிடிக்கிற கயிறு வலது பக்கம் தொங்கும்ங்கிறதால ரைஃபிள இடது பக்கம் வச்சா இடிக்காது. கால் முட்டிக்கு அடியில கட்டியா வந்தா ஓட்டுறவனுக்கும் வலி, குதிரைக்கும் வலி, அதனால அங்க தோல் மெல்லிசா இழைச்சுருங்க.

குதிரைய பத்தி கடைசியா, இத படிக்காம விட்டுராதீங்க. பாண்டியர் காலத்துல அரபு நாட்டுல இருந்து கப்பல் கப்பலா குதிரை இறங்கின கரை இது, 13ஆம் நூற்றாண்டு கடைசியில வந்த மார்க்கோ போலோ இங்க குதிரைய பராமரிக்கத் தெரியாம சாக விடுறாங்கன்னே எழுதி வச்சிருக்காரு. பீச்சுல சவாரி விடுற குதிரை, வண்டிக் குதிரை எதுவா இருந்தாலும் புது தோல் சாமான கொண்டு போன உடனே மேல கட்டாதீங்க. முதல்ல மோந்து பாக்க விடுங்க, அப்புறம் கழுத்துல, தோள்ல தடவி விடுங்க, ரைஃபிள் உறை நடக்கும்போது தொடையில தட்டுற சத்தத்துக்கு மிரளும், அதனால லகான பிடிச்சு நடக்க வச்சு பழக்கி, ஷூட்டிங்க அடுத்த நாள் வச்சுக்கங்க. கௌபாய் சேணம் 15 கிலோவுக்கு மேல வரும், உள்ள மரச்சட்டம் இருக்கு, நம்ம குதிரைங்க சின்னது, முதுகுக்கு பொருந்தலன்னா ஒரே நாள்ல புண்ணாக்கிரும். கீழ கெட்டி கம்பளி போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை கழட்டி கைய வச்சுப் பாருங்க, ஒரு இடம் மட்டும் வேர்க்காம காஞ்சு இருந்தா அங்கதான் சட்டம் அழுத்துதுன்னு அர்த்தம், உடனே நிறுத்திருங்க. வெடி, கேப்பு எதுவும் குதிரை பக்கத்துல வேண்டாம், சத்தத்த எடிட்டிங்ல சேத்துக்கலாம். குதிரைக்காரர் "போதும்"னா போதும், அவரு சொன்னா மறுபேச்சு கிடையாது.

வேலை முடிஞ்சதும் ஈரத்துணியால (திரும்பவும் நல்ல தண்ணி) உப்பு போக துடைச்சு, நிழல்ல காய விட்டு, டம்மிய உள்ள வைக்காம தனியா வைங்க. பிளாஸ்டிக் கவர்ல கட்டி பரண்ல போட்டா ஐப்பசி மழையில பூசணம் பூத்துரும், பழைய காட்டன் வேட்டியில சுத்தி காத்தாடுற இடத்துல தொங்க விடுங்க, உள்ள நியூஸ்பேப்பர உருட்டி வச்சா வடிவம் கெடாது. பூசணம் லேசா வந்துட்டா வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துடைச்சு காய வச்சு, மறுபடி புங்கெண்ணெய் ஒரு கை தடவிருங்க.